படிக்காதவர்கள் மட்டும் பரிந்துரைக்கவும்

என் தங்கை ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் வீட்டை விட்டு வெளியே வர ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பிடித்த நாவலைப் பற்றி முன்பின் தெரியாத நாலு பேர் உட்கார்ந்து பேச வேண்டும். அவள் ஓரமாக இருந்து கேட்பாள். அவளைப் பேசச் சொல்லக் கூடாது.

"எதுக்கு நாலு பேர்? நான்தான் படிச்சிருக்கேனே" என்றேன்.

"நீ எனக்காகப் படிச்ச அக்கா. அது கணக்குல வராது."

அவள் சொன்னது சரி. எனக்கு டிராகன்களில் ஆர்வம் கிடையாது.

அவளுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதிலிருந்தே சில சொற்கள் அவள் தொண்டையில் நின்றுவிடும். கொஞ்சம் பொறுத்தால் தானாக வரும். வீட்டில் நாங்கள் பொறுப்போம். வகுப்பில் ஒரு நாள் பாடம் வாசிக்கும்போது ஒரு சொல் நின்றது. ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார்கள். பிறகு வகுப்பே சேர்ந்து எண்ணியது. அவள் புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து வாசலைத் தாண்டவில்லை. அடுத்த பருவம் தொடங்கும்போதும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அதைக் கனிவாகத்தான் சொன்னார்கள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்ததும் அவள் அறைக் கதவருகே நின்று, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் குரலில் சொல்வார்: "பயப்படாதீங்க. ஆள் வந்தாச்சு. கதவுல சாயாம நில்லுங்க." உள்ளே அவள் சிரிப்பாள். அம்மா இறந்த பிறகு எங்கள் வீட்டில் மிச்சமிருந்த நகைச்சுவை அது ஒன்றுதான். தினமும் அதையே பயன்படுத்தினோம்.

நாவலின் பெயர் 'சாம்பல் டிராகனும் கதவுக்காரியும்'. அட்டையில் சிறிய எழுத்தில் 'இளையோர் மிகைபுனைவு' என்று போட்டிருக்கும். ஒரு நகரம். அங்கே எல்லாக் கதவுகளும் கேள்வி கேட்கும். சட்டென்று பதில் சொன்னால் திறக்கும். ஒரு பெண் இருக்கிறாள், மெதுவாகப் பதில் சொல்பவள். அவள் வாய் திறப்பதற்குள் கதவுகள் மூடிக்கொள்ளும். அதனால் தெருவிலேயே வளர்கிறாள். ஒரு நாள் சிறகு கருகிய டிராகன் ஒன்று அந்தத் தெருவில் விழுகிறது. அதற்கும் பேச வராது. இருவரும் நகரம் முழுக்க அலைந்து கடைசியில் மதிலில் ஓர் உடைப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். வெளியே கடல். எந்தக் கதவும் இல்லை. ஆனால் அவள் கடலைப் பார்த்துவிட்டு, திரும்பி நடந்து, தன்னை முதன்முதலில் வெளியே நிறுத்திய கதவின் முன்னால் போய் நிற்கிறாள். அதோடு கதை முடிகிறது.

"ஏன் திரும்பிப் போனா?" இதுதான் தங்கையின் கேள்வி. எழுதியவரைக் கேட்க வழியில்லை. பதிப்பகமே மூடிவிட்டது. நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதை மறுபடி மறுபடி புதுப்பித்து நான்தான் கொண்டுவந்துகொண்டிருந்தேன். அப்படிப் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் சுவரில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன்.

'வாசகர் மன்றம். மாதம் ஒரு நூல். ஆழ்ந்த வாசிப்பு. திறந்த உரையாடல். கதவுகள் அனைவருக்கும் திறந்திருக்கும்.'

நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தேன். அந்த வேலையை விரும்பி எடுத்தேன், ஏனென்றால் தண்ணீர் பாட்டில்கள் கேள்வி கேட்பதில்லை. கூட்டம் என்றாலே ஒதுங்கிப் போய்விடுவேன். இருந்தாலும் அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்துவிட்டு, மாடியில் அன்றுதான் கூட்டம் என்பதால் ஏறிப் போனேன்.

அறையில் வட்டமாக நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் உயரமான கண்ணாடி அலமாரி. உள்ளே ஏழெட்டுப் புத்தகங்கள், பட்டுத் துணி விரித்து, முகம் தெரிய நிறுத்தப்பட்டிருந்தன. பெரிய பூட்டு. அதன் சாவி தலைவரின் கழுத்தில் சங்கிலியில் தொங்கியது. தலைவர் நில அளவைத் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வுபெற்றவர். செயலாளர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். அவர் கையில் மணி இருந்தது.

வரவேற்புரை நடந்தது. முன்னிலை உரை நடந்தது. வரவேற்றவருக்கு முன்னிலை வகித்தவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை ஏற்று வரவேற்றவர் கொஞ்சம் பேசினார். தேநீர் வந்தது. தேநீருக்கு நன்றி சொல்லப்பட்டது. நூல் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் இருந்தது. அது வருவதற்குள் காவலாளி வந்து விளக்குகளை அணைக்க ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருந்தவர் பல் மருத்துவர். மெதுவாகக் கேட்டேன்: "சார், இந்த மாசப் புத்தகம் எது?"

"போன மாசம் ஒத்திவச்சமே, அதுதான்."

"போன மாசம்?"

"அதுக்கு முந்தின மாசம் ஒத்திவச்சது." அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேற்றும் குரலில் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா. நீங்க எதையும் தவறவிடல."

நான் அப்போதே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் வீட்டில் தங்கை கேட்டாள்: "எப்படி இருந்துச்சு? நல்லாப் பேசுனாங்களா?"

"நல்லாப் பேசுனாங்க."

அது உண்மை. பேச்சில் அவர்கள் குறை வைக்கவே இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவும்போதெல்லாம் அவற்றைச் சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தைத் தங்கையே துணிப்பையில் வைத்துக் கொடுத்திருந்தாள். "கேட்டா காட்டு. ஆனா குடுத்துடாதே." செயலாளர் மணியடித்து, "வேறு ஏதேனும்?" என்றார். எழுந்தேன். முதல் வாக்கியத்தின் பாதியிலேயே தலைவர் கையை உயர்த்தினார்.

"டிராகனா?"

"ஆமா சார்."

"உயிரோட இருக்கா?"

"கதையில இருக்கு சார்."

பல் மருத்துவர் முன்னால் சாய்ந்தார். "எனக்கு ஒரு சந்தேகம். இல்லாத பிராணிய இருக்கறதா எழுதுறது பொய்யில்லையா? நாம ஒரு பொய்ய சிபாரிசு பண்ணலாமா?"

"நியாயமான கேள்வி" என்றார் தலைவர். "நம்மகிட்ட அறிவியல் படிச்சவங்க யாராவது இருக்காங்களா?"

எல்லோரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"நல்லது. சொல்லுங்கம்மா. அவ்வளவு எடையுள்ள பிராணி பறக்க முடியுமா?"

இந்த இடத்தில் நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எடை என்று காதில் விழுந்ததும் என் மூளை தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. "முடியாது சார். உடம்பு பெருசாகப் பெருசாக எடைதான் வேகமா ஏறும், சிறகோட பரப்பு அந்த அளவுக்கு ஏறாது."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. செயலாளர் குறிப்பெடுத்தார். நான் பதறிப்போய், "ஆனா சார், இதுல அது பறக்கவே இல்ல. சிறகு கருகிடுச்சு. கடைசி வரைக்கும் நடந்துதான் போகுது" என்றேன்.

"நடக்குதா?" தலைவரின் முகம் தெளிந்தது. "நடக்குதுன்னா மன்றத்துக்கு ஆட்சேபணை இல்ல. டாக்டர், உங்களுக்கு?"

"நடந்தா சரி" என்றார் பல் மருத்துவர்.

இவ்வளவு சுலபமா? அப்போது செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒரு நிமிஷம். அது கடைசி வரைக்கும் நடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன் சார்."

சுகாதாரம் பற்றிய கூட்டத்தில் நான் கை கழுவுவதில்லை என்று சொன்னதைப் போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் வருத்தத்தோடு தலையசைத்தார். புதியவள் என்பதால் செயலாளர் எனக்கு விளக்கம் சொன்னார்.

"நூலைப் படிச்சவங்க அந்த நூலைப் பரிந்துரைக்கக் கூடாதும்மா. ஏன்? படிச்சா பிடிச்சுப்போயிடும். பிடிச்சுப்போச்சுன்னா நடுநிலை போயிடும். நம்ம தலைவரை எடுத்துக்கோங்க. இத்தனை வருஷத்துல ஒரு நூல் மேலயும் அவருக்குத் தனிப்பட்ட விருப்பம் வந்ததே இல்ல. எப்படி முடிஞ்சுது? கட்டுப்பாடு. சின்ன வயசுலயே நிறுத்திட்டாரு."

தலைவர் அடக்கத்தோடு சாவியைத் தடவிக்கொண்டார்.

"அப்ப யாரு சார் பரிந்துரைக்கலாம்?"

"படிக்காத யாரும் பரிந்துரைக்கலாம். எங்க கதவு எல்லாருக்கும் திறந்திருக்கு." செயலாளர் என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "இது ஆய்வுக்குழுகிட்ட இருக்கட்டும்."

"இல்ல சார், அது என் தங்கச்சி..."

மணி அடிக்கப்பட்டது.

வெறும் பையோடு வீட்டுக்குப் போனேன். தங்கை பையைத் தடவிப் பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று அப்பா கதவருகே நின்று வழக்கம்போலச் சொன்னார். உள்ளே சத்தமே இல்லை. அப்பா இன்னொரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பெரியவளே, என்னம்மா ஆச்சு?"

சொன்னேன். கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். "படிக்காத ஆளுதான வேணும்? நான் படிச்சதே இல்லையே. அந்தப் புத்தகம்னு இல்ல, எதையுமே."

"அப்பா, அங்க எழுந்து நின்னு பேசணும்."

"படிக்கலைன்னு சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆய்வுக்குழு என்பது பல் மருத்துவர் ஒருவர்தான் என்று பிறகு தெரிந்தது. அவரைப் பார்க்க ஒரே வழி பல்லைக் காட்டுவது. அவருடைய மருத்துவமனையில் காத்திருந்து, கூப்பிட்டதும் சாய்வு நாற்காலியில் படுத்தேன். பக்கத்துத் தட்டில் கண்ணாடி, ஊசி, இடுக்கிகளோடு அந்த நாவலும் கிடந்தது.

"சார், அந்தப் புத்தகம்..."

"பெருசாத் திறங்க." வாயில் எதையோ வைத்தார். "ஆய்வு நல்லாப் போயிட்டு இருக்கு. முதுகு உறுதியா இருக்கு. தட்டிப் பார்த்தேன். தையல் பரவாயில்ல. கொஞ்சம் பழுப்பு இருக்கு, அது வயசுக்கு சகஜம்."

"ஆ..." என்றேன். யார் படிக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன்.

"தெரியும், தெரியும். உள்ள என்ன இருக்குன்னு பார்த்தீங்களான்னுதான கேக்கறீங்க? அது எப்படிம்மா? ஆய்வு பண்றவன் உள்ள போயிட்டா வெளிய யாரு நிக்கிறது?" ஊசி போட்டார். "இங்க பாருங்க, முப்பத்தாறாம் பக்கத்துல ஒரு கறை. என்னன்னு குழுவால முடிவுக்கு வர முடியல."

அது தங்கையின் தேநீர்க் கறை. டிராகன் விழும் இடத்தில் அவள் கோப்பையை மறந்துபோய்ச் சிந்தியது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அந்த இடத்தில் அந்தக் கறை மேல் விரலை வைத்துக்கொள்வாள். இதையெல்லாம் நான் சொன்னேன். வாயில் பஞ்சும் குழாயும் இருந்ததால் அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும்.

"ரொம்ப வலிக்குதோ?" என்று கேட்டார். அவர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. நல்ல பல் ஒன்றை அடைத்து அனுப்பினார்.

மூன்றாவது கூட்டத்துக்கு அப்பா வேலை உடையோடு வந்தார். கைகளை எவ்வளவு தேய்த்துக் கழுவியும் நகக்கண்களில் கிரீஸ் இருந்தது. அவற்றை மறைக்க முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் இந்தப் புத்தகத்தைப் படிக்கலைங்க."

கைதட்டல். அப்பா திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"எங்க சின்னது படிக்குது. படிக்கும்போது தானாச் சிரிக்குது. கதவுக்கு வெளிய நின்னு கேட்டிருக்கேன். உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. அவ்வளவுதாங்க."

தலைவர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நண்பர்களே, பரிந்துரைன்னா இது பரிந்துரை. எவ்வளவு தூய்மை! இந்த மனுஷனுக்கும் நூலுக்கும் நடுவுல ஒரு கதவே இருந்திருக்கு."

நூல் ஏற்கப்படும் கட்டத்துக்கு வந்தது. அப்போது செயலாளர் அட்டையைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, "இளையோர்னு போட்டிருக்கே" என்றார்.

விதி இதுதான்: ஒரு நூல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் மன்றத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். அந்த அறையில் அப்பாவை விட வயது குறைந்தவள் நான் மட்டும்தான்.

தலைவர் பேசினார். அவருடைய உரைகளில் மிகச் சிறந்தது அதுதான் என்று பிறகு செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தார்.

"இளையோர்னா யாரு? இளமைன்னா என்னன்னு இளையவங்களுக்குத் தெரியுமா? தெரியாது. அவங்க அதுக்குள்ள இருக்காங்க. படிக்கிறவன் நூலைப் பத்திப் பேசக் கூடாதுன்னு நாம ஏன் சொல்றோமோ, அதே காரணம்தான் இதுக்கும். இளமையைப் பத்தி நடுநிலையாப் பேசணும்னா அது நம்மளை விட்டுப் போயிருக்கணும். எனக்குப் போய் ரொம்ப வருஷமாச்சு. அதனால நான் நாற்பது வருஷ அனுபவமுள்ள இளைஞன். டாக்டர் இருபது வருஷ இளைஞர். அனுபவமே இல்லாதவங்களை இளையோர்னு எப்படி ஒத்துக்க முடியும்? அப்படி ஒத்துக்கிட்டா நாளைக்கு நோயாளிங்கல்லாம் மருத்துவத்தைப் பத்திப் பேச வந்துடுவாங்க."

"அதைத்தான் நானும் தினமும் சொல்றேன்" என்றார் பல் மருத்துவர்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. அனுபவமுள்ள இளையோர் மட்டுமே இளையோர். அடுத்த கூட்டத்தில் இந்த நூல் முழு அமர்வாக எடுத்துக்கொள்ளப்படும். அந்த இரண்டாவது வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. முழு அமர்வு. எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அப்பாவும் ஒரு கையைப் பின்னாலிருந்து எடுத்துத் தூக்கினார்.

வீட்டுக்குப் போய் அறைக் கதவைத் தட்டினேன். "பேசப்போறாங்க. முழு அமர்வு."

பிறகு கதவு கொஞ்சம் திறந்தது.

"ச... சத்தியமா?"

"சத்தியமா."

கூட்டத்து நாளன்று அவள் பள்ளிக் காலணிகளைப் போட்டுக்கொண்டாள். அவை சிறுத்திருந்தன. அதாவது, கால் வளர்ந்திருந்தது. உள்ளேயே இருந்தும் வளர்ந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது. வாசற்படியில் நின்று வெளியே பார்த்தாள். அப்பா, "லிஃப்ட் கீழ வந்தாச்சு. பார்த்து இறங்குங்க" என்றார். எங்கள் வீடு தரைத்தளம். அவள் இறங்கினாள்.

தெருவில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் நடந்தாள். வண்டிகள் போகும்போதெல்லாம் என் கையை இறுக்கினாள். பாதி வழியில் நின்றாள். நாங்களும் நின்றோம். எங்களுக்கு நிற்கத் தெரியும். பிறகு நடந்தாள். நூலகத்து மாடிப்படியில் கேட்டாள்:

"அக்கா, அவ ஏன் திரும்பிப் போனான்னு பேசுவாங்கல்ல?"

"பேசுவாங்க."

"நான் கேக்க மட்டும்தான் செய்வேன்."

"கேட்டா போதும்."

அப்பா பரிந்துரைத்தவர் என்பதால் மேடைக்கு அழைத்துப் போனார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் வாசலுக்கு வந்தபோது செயலாளர் கையை நீட்டி மறித்தார். என்னைத் தெரியும். தங்கையைப் பார்த்தார்.

"நீங்க யாரு? உறுப்பினரா, பார்வையாளரா? எந்தத் தகுதியில வந்திருக்கீங்க?"

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நா..." என்றாள். "நா..."

நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். வேண்டாம் என்று அர்த்தம். சொல் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வந்திருக்கும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, இது இளையோருக்கான அமர்வு. சின்னவங்களை உள்ள விட முடியாது. தீர்மானம் போட்டாச்சு." என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கை தூக்கினீங்களே."

கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கதவின் மேல்பாதியில் சிறிய கண்ணாடி இருந்தது. நாங்கள் அதன் வழியே பார்த்தோம். ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்ததால் எல்லாம் கேட்டது. தலைவர் நாவலை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இந்த நூல் நம்ம மன்றத்தோட மிக உயர்ந்த மரியாதையைப் பெறுது. இனிமே இதை யாரும் இரவல் எடுக்க முடியாது. எந்தக் கையும் இதைக் கசக்காது. தேநீர் சிந்தாது. யாருடைய விருப்பு வெறுப்பும் இதைத் தீண்டாது. இது என்றென்றும் படிக்கப்படாம பாதுகாக்கப்படும்."

கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினார். கண்ணாடி அலமாரி திறந்தது. பட்டுத் துணியில் இன்னொரு முகம் நிறுத்தப்பட்டது. பூட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த அலமாரியை நான் முதல் நாளே பார்த்திருந்தேன். உள்ளே இருப்பவை பரிசு பெற்ற புத்தகங்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேடையில் அப்பா மட்டும் கைதட்டவில்லை. "ஏங்க" என்றார் ஒலிபெருக்கியில். "புத்தகத்தைப் பத்தி இன்னும் யாரும் பேசலையே?"

"இவ்வளவு நேரம் வேற எதைப் பேசினோம்?" என்றார் தலைவர் புன்னகையோடு. மணி அடித்தது. நன்றியுரைக்கு யாரோ எழுந்தார்கள்.

தங்கை கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தாள். மூச்சுப் பட்டு அங்கே வட்டமாகப் பனி படர்ந்திருந்தது. மாடிப்படியைப் பார்த்தாள். நான் அந்தப் பார்வையைத் தொடர்ந்தேன். கீழே தெரு, தெருவுக்கு அப்புறம் வீடு, வீட்டில் அவள் அறை. போனால் இனி எந்த நிபந்தனையும் இருக்காது. பள்ளி கனிவாகப் பெயரை எடுத்துவிடும். நான்தான் அவளை வெளியே கூட்டிவந்தேன், சத்தியம் செய்து. வேதியியலில் இதற்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. காலடிச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. தாழ்ப்பாளை யாரோ அசைத்தார்கள். "நன்றியுரை முடியற வரைக்கும் திறக்கக் கூடாதுங்க, விதி" என்று செயலாளர் சொல்வது கேட்டது. பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அப்பாவின் குரல்.

"பயப்படாதீங்க. ஆள் இருக்கு. கதவுல சாயாம நில்லுங்க."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியிடத்தில் அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ காலமாகிறது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மூடிய கதவை, அந்தச் சின்னக் கண்ணாடியை, கீழே தன் சிறுத்த காலணிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அக்கா."

"ம்."

"அவ ஏன் முதல் கதவுக்குத் திரும்பிப் போனான்னு இப்பத் தெரியுது."

"ஏன்?"

"அவ ப... பதில் சொல்லி முடிக்கல. அதுக்குள்ள அது சாத்திக்கிச்சு."

அவள் கையை உயர்த்திக் கதவைத் தட்டினாள்.

நன்றியுரை நின்றது. மணி அடித்தது. "யாரோ கதவைத் தட்டறாங்க" என்றது தலைவரின் குரல். "நிகழ்ச்சி நிரல்ல இருக்கா?" "இல்லைங்க" என்றார் செயலாளர். "அப்ப அடுத்த கூட்டத்துக்கு வச்சுக்கலாம்."

தங்கை மறுபடியும் தட்டினாள்.

"யாரும்மா அது?" செயலாளரின் நிழல் கண்ணாடியில் விழுந்தது. அவர் மணிக்கட்டைத் திருப்புவது தெரிந்தது.

"நா..." என்றாள் தங்கை.

உள்ளே அப்பாவும் வெளியே நானும் பொறுத்திருந்தோம். அவள் கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.